வெர்னாவின் மூலையில் நட்ட பலகை

டிங்லி ஊர்க்காரர்களைப் பற்றி வெளியூரில் விசாரித்தால், "நல்ல ஜனங்க, அதிர்ந்து பேச மாட்டாங்க" என்பார்கள். அதிர்ந்து பேச மாட்டார்கள்தான். சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவனுக்கு அதிர்ந்து பேச என்ன அவசியம்? நான் எத்தனையோ வருடமாக அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவள். ஒவ்வொரு வீட்டு வாசலும் எனக்கு அத்துப்படி. இந்த மார்ச் மாதத்திலிருந்து அந்த வாசல்களைப் பார்த்தாலே குமட்டுகிறது. என் வீட்டுக்காரர் எல்வுட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெர்னா செஸ்லி பொதுத்திடலின் கிழக்கு மூலையில் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்தாள். அவளுடைய சொந்த வீடு ஒரு ஜனவரியில் புகைபோக்கி தீப்பிடித்துச் சாம்பலாகப் போனது. காப்பீடு கிடையாது, புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த வருடத்து ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். "வெர்னாவுக்கு வேண்டிய மட்டும் அந்த மூலையில் இருந்துகொள்ளட்டும்" என்று தீர்மானம். கூடத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள், நானும் துடைத்தேன். அவள் அங்கே பரங்கியும் பீன்ஸும் போட்டாள், துணிக்கொடி கட்டினாள், கூரை ஒழுகியபோது நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வருடங்கள் ஓடின.

தொந்தரவு பிரெஸ்காட் வால்ட்ரன் ரூபத்தில் வந்தது. பாஸ்டனில் வக்கீலாக இருந்து சம்பாதித்துவிட்டு, திடலுக்கு எதிரே மேட்டில் இருக்கும் பாட்டன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். பேசினால் வாயில் தேன் ஒழுகும். ஊர் தோன்றிய நாள் விழா வருகிறதே, நம்முடைய பழைய கூட்ட வீடு நின்ற இடத்தில் மாநில அரசின் இரும்புப் பலகை ஒன்று நட வேண்டாமா என்று ஆரம்பித்தார். கூட்ட வீடு என்றால் எங்கள் முன்னோர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கும் மற்ற நாளில் ஊர் வழக்குக்கும் கூடிய ஒற்றைக் கூரை. அது இடிந்து போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. இப்போது அதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

பலகைக் குழு ஒன்று அமைந்தது. பஸ் ஓட்டும் லோர்னா கில்மன் குழுவில் இருந்தால் சாதாரண ஜனங்களும் இருக்கிற மாதிரி இருக்கும் என்று என்னையும் போட்டார்கள். முதல் நாளே பிரெஸ்காட் வாசகத்தைக் கொண்டு வந்துவிட்டார்.

"இங்கே டிங்லியின் முதல் கூட்ட வீடு நின்றது. இங்கே அண்டை வீட்டார் கூடி, ஒருவர் சுமையை ஒருவர் தாங்கி, தம்மைத் தாமே ஆண்டனர்."

வாசகம் நன்றாகத்தான் இருந்தது. "சரி, இங்கேன்னா எங்கே?" என்று கேட்டேன்.

"கிழக்கு மூலையில" என்றார். "புல்லுக்குள்ள கல் வரிசை தெரியுது பாருங்க, அதான் அஸ்திவாரம். எங்க தாத்தா சொல்லக் கேட்டிருக்கேன்."

"அங்க வெர்னா இருக்காளே."

அவர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "வெர்னா மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உனக்கே தெரியும், லோர்னா. ஆனா அந்த நீலத் தார்ப்பாய்க்குப் பக்கத்துல சரித்திரப் பலகையை நட முடியுமா? நீயே சொல்லு."

"முடியும். ரோட்டோரமா நடுங்க. பலகை பாட்டுக்கு நிக்கும், அவ பாட்டுக்கு இருப்பா."

குழுவில் இருந்த எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். வெர்னாவுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்வது என்று ஒரு தீர்மானம் மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குப் போயிற்று.

ஊர்க்கூட்டம் எங்களுக்குத் திருவிழா மாதிரி. சேறு வழியும் மார்ச் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம். பனி உருக ரோட்டில் தூவும் உப்பு வாங்குவதிலிருந்து நூலகத்துக் கூரை வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஊரே ஓட்டுப் போடும். நடுவில் மதியச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை வருடா வருடம் நடத்துகிறவள் வெர்னா. இந்த வருடமாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னதற்கு, "ஏன், என் கைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.

வெல்லப்பாகு ஊற்றி ராவெல்லாம் அடுப்பில் வெந்த பீன்ஸ், பன்றித் தொடைக்கறி, கறுப்பு ரொட்டி, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை. என் ஊர் ஜனங்கள் அதைத் தின்ற அழகை நான் கண்ணால் பார்த்தேன். பிரெஸ்காட் மூன்று துண்டு பை சாப்பிட்டார். மூன்றாவதற்குத் தட்டை நீட்டும்போது, "வெர்னா, இந்த மாதிரி பை இந்த ஜில்லாவுலயே கிடையாதம்மா" என்றார்.

"சூடா இருக்கு, பார்த்துச் சாப்பிடுங்க" என்றாள் அவள்.

சாப்பாடு முடிந்து முதல் தீர்மானமே அதுதான். நான் எழுந்து, பலகையை ரோட்டோரம் நடலாம், அவளை விட்டுவிடலாம் என்று திருத்தம் சொன்னேன். யாரும் ஆதரிக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. கூட்டத் தலைவர் இரண்டு தரம் கேட்டுவிட்டு, என் திருத்தத்தைத் தள்ளிவிட்டு மூலத் தீர்மானத்துக்குப் போனார். பிறகு வெர்னா பேசினாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலில் நின்றபடி பேசினாள்.

"நான் போறதுக்கு வேற இடம் இல்லை. இருந்திருந்தா நானே போயிருப்பேன். பலகை வேணாம்னு நான் சொல்லலை. அதைச் சுத்திப் புல்லு வெட்டறது, பூச்செடி வைக்கிறது எல்லாம் நானே பார்த்துக்கறேன். அவ்வளவுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. எங்கள் வழக்கப்படி குரல் ஓட்டுதான்: ஆமாம் என்கிறவர்கள் வாய்விட்டு ஆமாம் சொல்ல வேண்டும், இல்லை என்கிறவர்கள் இல்லை சொல்ல வேண்டும். அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, வாயில் பீன்ஸ் வாசனையோடு "ஆமாம், போ" என்று சொல்ல இந்த ஊரில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது பிரெஸ்காட் கோட்டுப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், யார் எப்படிப் போட்டார் என்று தெரியாத சீட்டு ஓட்டு நடத்தியே ஆக வேண்டும் என்பது எங்கள் மாநிலச் சட்டம். கையெழுத்தெல்லாம் காலையிலேயே வாங்கி வைத்திருந்திருக்கிறார். அதாவது மூன்று துண்டு பையும் அந்தத் தாள் நெஞ்சுக்குமேல் இருக்கும்போதே உள்ளே போயிருக்கிறது. சீ!

ஓட்டுப் பெட்டியருகே உட்கார வேண்டியவள் நான், இந்த வருடத்து ஓட்டு எண்ணும் உதவியாள். பழைய மரப்பெட்டி. வரிசையாக வந்து, மடித்த சீட்டைப் போட்டுவிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் போனார்கள். போகிற வழியில் சமையலறை வாசல். அங்கே வெர்னா நின்று ஒவ்வொருவரிடமும், "சாப்பிட்டீங்களா? மீந்தது இருக்கு, கட்டித் தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டி வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

எண்ணினோம். மூன்றில் இரண்டு பங்கு சீட்டில் அவள் போக வேண்டும் என்று எழுதியிருந்தது.

தலைவர் முடிவை அறிவித்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வெர்னாவிடம் போய்க் கட்டிப்பிடித்தார்கள். "ஐயோ வெர்னா, இப்படி ஆயிடுச்சே." "நான் உனக்குத்தான் போட்டேன், கடவுள் சத்தியமா." "மனசே கேக்கலை போ." கட்டிப்பிடித்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் புளுகர்கள். அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் எல்லார் முதுகையும் தட்டிக்கொடுத்தாள். 

தலைவர் மேசையில் அந்த ஐந்து கையெழுத்துத் தாள் கிடந்தது. பார்த்தேன். மூன்றாவது கையெழுத்து என் வீட்டுக்காரருடையது.

காரில் ஏறியதும் கேட்டேன். "நீயா?"

"நான் சீட்டு ஓட்டு வேணும்னுதான் கேட்டேன்" என்றார் எல்வுட். "அவ போகணும்னு கேக்கலையே."

"பெட்டிக்குள்ள என்ன போட்டே?"

"அது ரகசியம். சட்டமே அப்படித்தான் சொல்லுது."

"அட மானங்கெட்டவனே! உன் அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப அவதானே வந்து பீ அள்ளினா?"

"கத்தாதே லோர்னா. பிரெஸ்காட் நம்ம வேலித் தகராறுல எவ்வளவு உதவி பண்ணியிருக்கார். எனக்கும் வேற வழி இல்லை." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் துணியை அவரேதான் துவைத்துக்கொள்கிறார்.

ஜூன் மாதத்தில் டிரெய்லரை இழுத்தார்கள். நகர்ந்து பழக்கமில்லாத வண்டி, திடலைத் தாண்டுவதற்குள் அச்சு முறிந்து வயிறு தரையில் தட்டிவிட்டது. அதை அப்படியே துண்டு போட்டுப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். வெர்னா பக்கத்து ஜில்லாவில் தங்கை மகளின் கார் ஷெட்டுக்கு மேல் ஒரு அறைக்குப் போனாள். மாடிப்படி செங்குத்து, அவள் முழங்காலுக்கு ஆகவே ஆகாது. பரங்கிக் கொடியை யாரும் பிடுங்கக்கூட இல்லை. அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் பலகைக் கம்பத்துக்குக் குழி தோண்ட பொக்லைன் வந்தது. அஸ்திவாரத்தைக் கொஞ்சம் திறந்து காட்டினால் பார்க்க வருகிறவர்களுக்கு நன்றாயிருக்கும் என்று பிரெஸ்காட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு இளம்பெண்ணை வரவழைத்திருந்தார். நாங்கள் குழுவாக நின்று பார்த்தோம். மண் கன்னங்கரேலென்று வந்தது. அதோடு எலும்பும் வந்தது. தாடை, தாடையில் வளைந்த கோரைப்பல். ஒன்றல்ல, வாளி வாளியாக.

அந்தப் பெண் குழிக்குள் இறங்கி, கல்லைத் தடவி, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இது கூட்ட வீடு இல்லீங்க" என்றாள். "இந்தச் சுவரோட கனத்தைப் பாருங்க, மேல கூரை நின்னதுக்கு அடையாளமே இல்லை. இது பவுண்டு. மேயப் போன பன்னிங்களை அடைச்சு வைக்கிற பட்டி."

எங்கள் ஊரில் இன்றைக்கும் ஊர்க்கூட்டத்தில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைப் பன்றிக் காவலராகத் தேர்ந்தெடுத்துச் சிரிப்போம். பழைய நாளில் அது நிஜமான உத்தியோகம். பிடித்த பன்றிகளை அடைக்க ஒரு பட்டி இருந்தே ஆக வேண்டும் என்பது, வருடா வருடம் சிரித்த எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

"அப்ப கூட்ட வீடு எங்க?" என்று கேட்டேன்.

"மேட்டுலதான் கட்டுவாங்க, தூரத்துலேருந்து தெரியணும்னு" என்றாள் அவள். எதிரே மேட்டைக் கையால் காட்டினாள். கை காட்டிய இடத்தில் பிரெஸ்காட் வால்ட்ரனின் புல்வெளி பச்சைப்பசேலென்று இருந்தது.

அன்று மத்தியானமே அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் குழு கூடியது. எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பிரெஸ்காட் கொஞ்சம்கூட அசரவில்லை.

"பலகை வார்த்தாச்சு. கிழக்கு மூலைன்னு மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. சும்மா இருக்கிறதைக் கிளறி என்ன ஆகப்போகுது? கூட்ட வீடு இங்கதான் எங்கயோ இருந்தது. நாப்பதடி அப்படி இப்படி."

"அப்படின்னா உங்க புல்வெளியில நடுங்க" என்றேன்.

"வெளியூர்க்காரன் கண்டபடி காரை நிறுத்துவான். என் வீட்டுக்காரிக்கு ஒத்துக்காது."

"சரி, பலகை எங்கயோ ஒழியட்டும். வெர்னாவைத் திரும்பக் கூப்பிடுங்க. அவளைப் போகச் சொன்ன காரணமே பொய்யின்னு ஆயிடுச்சே."

"ஊர் ஓட்டுப் போட்ட விஷயம், லோர்னா. அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. அடுத்த மார்ச் கூட்டத்துல வேணும்னா அவ கேட்டுக்கட்டும்." கோப்பையைக் கீழே வைத்தார். "அதுக்குள்ள ஒரு யோசனை. திறப்பு விழாவுல பலகையை மூடின துணியை வெர்னாவே இழுத்தா எப்படி இருக்கும்? யாருக்கும் மனஸ்தாபம் இல்லைன்னு தெரியும். பத்திரிகைக்காரங்க வராங்க. உன் பேச்சை அவ கேப்பா, நீ போய்ச் சொல்லேன்."

குழுவில் இருந்தவர்கள் "ஆகா, நல்ல யோசனை" என்றார்கள். நான் எலுமிச்சைச் சாற்றை அவர்கள் பூந்தொட்டியில் கொட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

வெர்னாவிடம் போனேன், ஆனால் அவர்கள் சொன்னதற்காகப் போகவில்லை. அவளை நேரே கூட்டி வந்து திடலில் நிறுத்தி, ஊர் முகத்தில் காறித் துப்ப வைக்க வேண்டும் என்றே போனேன். பன்றித் தாடையைச் சொன்னேன், பட்டியைச் சொன்னேன், புல்வெளியைச் சொன்னேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். அந்த அறையில் நாற்காலி போட இடமில்லை, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இதை ஏன் வந்து சொன்னே?" என்றாள் கடைசியில்.

"பின்ன? உனக்குத் தெரிய வேணாமா?"

"ஜெபம் பண்ணின இடத்துக்காகத்தானே போகச் சொன்னாங்கன்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன். இப்ப பன்னிக்காகன்னு ஆயிடுச்சு. இனிமே நான் என்ன சொல்லித் தேத்திக்கிறது?"

நான் துணி இழுக்கிற விஷயத்தையும் சொல்லி, "மூஞ்சியில அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்லிடு" என்றேன்.

"வரேன்னு சொல்லு."

"வெர்னா! உனக்கு ரோஷமே இல்லையா?"

"ரோஷம் இருக்கு, வீடு இல்லை" என்றாள். "இந்தப் படியில பனி விழுந்தா நான் எப்படி இறங்குவேன்? தங்கச்சி மக புருஷனும் எத்தனை நாளைக்கு வச்சிருப்பான்? மார்ச்சுல அதே ஜனங்ககிட்டதான் நான் கை நீட்டணும். துணியை இழுக்கச் சொன்னா இழுக்கறேன், சிரிக்கச் சொன்னா சிரிக்கறேன்."

அக்டோபரில் திறப்பு விழா. மேப்பிள் மரங்களெல்லாம் சிவந்து நின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதுகுழல் ஊதினார்கள். எலும்புக் குழியை மூடிப் புல் கட்டிகளை ஒட்டியிருந்தார்கள். பிரெஸ்காட் பேசினார். முன்னோர் என்றார், தோளோடு தோள் என்றார். வெர்னா தங்கை மகளின் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து துணியை இழுத்தாள். பச்சை இரும்பில் வெள்ளை எழுத்து. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கி, என்று எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுப் படித்தார்கள். அவளும் படித்தாள்.

படம் எடுத்து முடிந்ததும் அவள் பிரெஸ்காட்டின் பக்கத்தில் போனாள். மெதுவாகத்தான் கேட்டாள். நான் அருகே இருந்ததால் காதில் விழுந்தது.

"மார்ச்சுல நான் மறுபடி கேட்டா நீங்க எனக்காக ஒரு வார்த்தை சொல்வீங்களா? இங்கயே வேணும்னு இல்லை. அந்தக் கோடியில ஒதுங்கிக்கறேன்."

அவர் அவள் தோளைத் தட்டினார். "பார்க்கலாம் வெர்னா. ஆனா இனிமே இது சரித்திர இடமாச்சே. யோசிக்கணும்."

என்னால் தாங்க முடியவில்லை. பலகை மேடையில் ஏறினேன். "பன்னிப்பட்டி!" என்று கத்தினேன். "கேட்டுக்குங்க எல்லாரும்! இது கூட்ட வீடு இல்லை, பன்னிப்பட்டி! பன்னியை அடைச்ச இடத்துக்காக இவளை விரட்டினீங்க! தோண்டினப்பவே தெரிஞ்சும் இந்த ஆளு வாயை மூடிட்டு இருந்தாரு!"

யாரும் திகைக்கவில்லை. யாரும் பிரெஸ்காட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் பிள்ளைகளின் கழுத்துப்பட்டையைச் சரி செய்தார்கள். எல்வுட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் தெரியும் லோர்னா" என்றார் தணிந்த குரலில். "ஆகஸ்டுலயே தெரியும். பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க, இறங்கு."

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் வேகமாக வந்து, மேடைக்குக் கீழே நின்று, என் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்குடி" என்றாள். பலகைத் துணியை இழுத்தபோது சிரித்த சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் அப்படியே இருந்தது. "உனக்குப் புண்ணியமாப் போகும், மார்ச் வரைக்கும் என் காரியத்தைக் கெடுக்காதே."